கருவாட்டுப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கள்

எனது பெயர் ஹேமலதா. வயது 15. தகப்பனார் பெயர் ராஜவேல். வைத்திக்குப்பம், பள்ளிக்கூடத் தெருவில் தாய் தந்தையருடனும் அக்காள் அமுதவல்லியுடனும் குடியிருந்து வருகிறேன். பத்தாம் வகுப்பு படிக்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த பெண் தலைமைக் காவலர் பார்வதி அம்மா, "ஏம்மா, பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஓட்டற, எனக்குக் கை நோவுது, நீயே எழுதிக் குடு" என்று சொன்னதால், என் தாயார் தனக்கொடி முன்னிலையில் இதை என் கைப்பட எழுதித் தருகிறேன்.

"முதற்படி" என்ற கல்லூரி மாணவர் அமைப்பின் தலைவர் லூர்துபிரகாஷ் என் அக்காள் மேல் கொடுத்துள்ள புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ரெட்டியார்பாளையத்தில் உள்ள அவர்களுடைய மாடி அறையின் பூட்டை உடைத்து, அமைப்புக்குச் சொந்தமான சூரிய உலர்த்தி இயந்திரத்தை அக்காள் திருடிச் சென்று சேதப்படுத்தியதாக அதில் உள்ளது. இயந்திரம் அக்காள் செய்தது. பூட்டு உடையவில்லை. சேதம் நடந்தது உண்மை. அது யாரால் நடந்தது என்பதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

என் அம்மா நெத்திலியைக் கடற்கரை மணலில் காயவைத்து விற்பவர். மணல் ஒட்டிய கருவாட்டை டவுன் கடைக்காரர்கள் வாங்குவதில்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்திருந்த அக்காள், பழைய கதவுப் பலகையில் ஒரு பெட்டி செய்து, உள்ளே தகரம் அடித்துக் கறுப்புப் பெயிண்ட் பூசி, மேலே சாய்வாகக் கண்ணாடி பொருத்தினாள். கண்ணாடி வழியாக வெயில் இறங்கும், கறுப்பு அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கும், வலைத்தட்டில் பரப்பிய மீன் மணலும் ஈயும் படாமல் காயும். இதில் புரியாதது எதுவும் இல்லை.

அதன் பிறகு, 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம், முதற்படி அமைப்பினர் பாலிடெக்னிக் வாசலில் கொடுத்த நோட்டீசைப் பார்த்து அக்காள் அங்கே சேர்ந்தாள். ஆரம்ப நிலையில் உள்ள தொழில்களை இலவசமாக வேகப்படுத்தும், லாப நோக்கமில்லாத, முழுக்க மாணவர்களே நடத்தும் அமைப்பு என்று அதில் போட்டிருந்தது. லாப நோக்கமில்லை என்பதை அவர்கள் எல்லாக் கூட்டத்திலும் சொன்னார்கள். "அவங்களுக்கு வேணாம்னா சரி, நமக்குமா வேணாம்?" என்று அம்மா கேட்டார்.

அப்போது தலைவராக இருந்த புருஷோத்தமன் அண்ணன், நெல்லித்தோப்பில் மளிகைக் கடை வைத்திருக்கும் கோவிந்தசாமி என்பவரிடம் அக்காளைக் கூட்டிப்போய், வாராவாரம் மணலில்லாத நெத்திலி எடுத்துக்கொள்ளச் சம்மதிக்க வைத்தார். இந்த அமைப்பு செய்த உதவி இது ஒன்றுதான். அதை நான் மறைக்கவில்லை. அதன் பிறகு அவர் படிப்பு முடிந்து, சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் இடத்துக்கு லூர்துபிரகாஷ் வந்தார். அங்கே எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். எனக்கு அது வரவில்லை, ஆகவே அண்ணன் என்றே எழுதுகிறேன்.

லூர்துபிரகாஷ் அண்ணன் வந்த பிறகு ஞாயிறுதோறும் வகுப்பு நடந்தது. நானும் அக்காளோடு ஆர்வமாகப் போவேன். வண்ணத் துண்டுச்சீட்டுகளில் தங்கள் பிரச்சினைகளை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்வார்கள். ஒட்டி முடித்ததும் கைதட்டுவார்கள். மின்விசிறி காற்றில் சீட்டுகள் உதிர்ந்தால் பெருக்கித் தள்ளிவிட்டு, அடுத்த வாரம் புதுச் சீட்டு கொடுப்பார்கள். மூன்று நிமிடத்தில் தொழிலை விளக்கச் சொல்லி அக்காளுக்குப் பயிற்சி கொடுத்த லூர்துபிரகாஷ் அண்ணன், "மீன்னு சொல்லாதீங்க அமுதா, புரோட்டீன்னு சொல்லுங்க" என்றார். அவர் எந்தத் தொழிலும் செய்து நான் பார்த்ததில்லை. தொழில் செய்வது எப்படி என்று நன்றாகப் பேசுவார்.

அதன் பிறகு, 2008 ஜனவரியில் நடக்கவிருந்த அறிமுக விழாவுக்காக இயந்திரத்தை வண்டி வைத்து அந்த அறைக்குக் கொண்டுபோனார்கள். கறுப்பு, புகைப்படத்தில் நன்றாக விழாது என்று உட்புறம் முழுவதும் வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள். "கறுப்பு போச்சுன்னா சூடு நிக்காது, பிரகாஷ்" என்று அக்காள் சொன்னதற்கு, "இது பிராண்டிங், ஒங்களுக்குப் புரியாது" என்று பதில் வந்தது. அதன் பிறகு, விழாவுக்குப் பணம் கொடுத்த செல்போன் கம்பெனி, டுடோரியல், ஐஸ்கிரீம் கம்பெனி ஆகியவற்றின் ஸ்டிக்கர்களைக் கண்ணாடி மேல் ஒட்டினார்கள். வெயில் இறங்குவதற்கு ஒரு மூலையில் உள்ளங்கை அளவு இடம் மிஞ்சியது. பிறகு அங்கேயும் அமைப்பின் சின்னத்தை ஒட்டிவிட்டார்கள்.

விழாவன்று, நாற்றம் வரும் என்று மீனை வைக்க விடாமல், கடையில் ஏற்கெனவே காய்ந்திருந்த சாமந்திப் பூவை வாங்கித் தட்டில் பரப்பினார்கள். சிறப்பு விருந்தினர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "இது பூ காயவைக்கிற மெஷினா?" என்று கேட்டார். "பூவும் காயும் சார்" என்றார் லூர்துபிரகாஷ் அண்ணன். சிறந்த இளம் தொழில் என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். புகைப்படம் எடுத்த பிறகு அதை அக்காள் கையிலிருந்து திரும்ப வாங்கி அறையில் வைத்துக்கொண்டார்கள்.

விழா முடிந்ததும் அக்காள் இயந்திரத்தைக் கேட்டாள். அடுத்த வருட ஸ்பான்சர்களுக்குக் காட்ட வேண்டும், இருக்கட்டும் என்றார்கள். அதற்குப் பிறகும் பலமுறை கேட்டாள். ஜன்னல் இல்லாத ஏசி அறையில், டியூப்லைட்டுக்குக் கீழே, வெயிலில் வைக்க வேண்டிய பெட்டி நின்றுகொண்டிருந்தது. கடலில் நெத்திலி நன்றாகப் பட்டுக்கொண்டிருந்தது. கோவிந்தசாமி, "இந்த வாரமும் சரக்கு வரலன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்மா, கோச்சிக்காத" என்று சொல்லிவிட்டார். அதை அக்காள் லூர்துபிரகாஷ் அண்ணனிடம் சொன்னபோது, "அந்த ஆர்டர் போன வருஷ பேட்ச் பாத்தது, எங்களுக்குத் தெரியாது" என்றார்.

கடந்த வியாழக்கிழமை நண்பகலில் அக்காளும் நானும் மூன்று சக்கர சைக்கிள் வண்டியோடு அந்த அறைக்குப் போனோம். கதவில் பூட்டு மாட்டியிருந்த கொண்டியின் திருகாணிகளை அக்காள் கழற்றினாள். இயந்திரத்தை வெளியே எடுத்த பிறகு அதே திருகாணிகளைத் திரும்ப முடுக்கினோம். பூட்டு இப்போதும் பூட்டியபடியே உள்ளது. கேடயத்தைத் தொடவில்லை. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாள் செல்வாம்பாள், "எங்கம்மா எடுத்துட்டுப் போறீங்க?" என்று கேட்டார். "வெயிலுக்கு ஆயாம்மா" என்றாள் அக்காள். "போங்க போங்க. மாடியில அது ஒண்ணுதான் பேசாம இருந்துச்சு" என்றார் அவர். திருட வந்தவர்கள் நடுப்பகலில் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவதாக நான் எங்கும் படித்ததில்லை.

அதன் பிறகு வீட்டு மாடியில் வைத்து ஸ்டிக்கர்களை உரித்து, வெள்ளையைச் சுரண்டி, மறுபடியும் கறுப்பு அடித்தோம். பெயிண்ட் காய்ந்ததும் இன்று காலை நெத்திலியைப் பரப்பினோம். அது பாதி காய்ந்திருந்தபோது காவலர்கள் வந்து, பெட்டியை அப்படியே வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள்.

இங்கே உதவி ஆய்வாளர் ஐயா கிருஷ்ணசாமி, "மெஷின் உன்னுதுன்னா கையெழுத்துப் போட்டுட்டு இப்பவே எடுத்துட்டுப் போப்பா" என்று லூர்துபிரகாஷ் அண்ணனிடம் சொன்னார். அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மெஷின் எங்களுது சார். உள்ள இருக்கற மீன் அவங்களுது, அத எடுக்கச் சொல்லுங்க" என்றார். "ஏன் தம்பி, புரோட்டீன்தான அது, தூக்கு" என்றார் என் அம்மா. அவர் தூக்கவில்லை. ஸ்பான்சர் ஸ்டிக்கர்கள் எங்கே, கிழிந்துவிட்டனவா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

கிழியவில்லை. அடுத்தவர் பொருள் என்பதால் வெந்நீர்த் துணி வைத்து, பிளேடால் ஓரம் தூக்கி, ஒவ்வொன்றாக உரித்துப் பழைய காலண்டர் தாளில் ஒட்டி வைத்திருக்கிறேன். வெள்ளைப் பெயிண்ட் முழுதாக வரவில்லை, பொடியாகத்தான் வந்தது. அதையும் ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். இந்த இயந்திரத்தில் முதற்படி அமைப்பு சேர்த்தவை இவ்வளவுதான். இரண்டையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கான வாசகத்தையும் கீழே நானே எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

பெட்டியை நிலையத்தில் பாதாம் மரத்து நிழலில் வைத்திருக்கிறார்கள். விசாரணை முடியும் வரையாவது அதை வெயிலில் தள்ளி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நாளை நெல்லித்தோப்புக்குச் சரக்கு போயாக வேண்டும்.

மேலே எழுதியவை நான் கண்டதும் கேட்டதும் ஆகும். யாரும் சொல்லித்தந்து எழுதவில்லை. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன், எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ரா. ஹேமலதா

என் முன்னிலையில்: தனக்கொடி, தாய்

ஸ்டிக்கர்கள் ஒட்டிய தாளும் பெயிண்ட் பொட்டலமுமாக, மேற்படி இயந்திரத்தில் எங்கள் அமைப்புக்குச் சொந்தமான பொருள்கள் முழுவதையும் குறைவின்றிப் பெற்றுக்கொண்டேன்.

(ஒப்பம்) அ. லூர்துபிரகாஷ், தலைவர், முதற்படி