அடியோடு தோண்டி எடுக்க வேண்டும்

காளானைத் தண்ணீரில் போட்டு அலசக் கூடாது. ஈரத்துணியால் ஒற்றித் துடைத்தால் போதும். அலசினால் பஞ்சு மாதிரி நீரை உறிஞ்சிக்கொண்டு வாணலியில் சொதசொதவென்று ஆகிவிடும். இதை என் கணவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? குழாயைத் திறந்துவிட்டுத்தான் கழுவுவார்.

நீங்கள் கேட்டது இதை இல்லை, தெரியும் இன்ஸ்பெக்டரம்மா. நடுவில் மறிக்காமல் இருந்தால் கோவையாகச் சொல்லிவிடுவேன்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினார். பழகுகிறவர் கால் போவதற்குள் தன் பக்கத்து பிரேக்கை மிதிப்பதுதான் தொழில். வீட்டிலும் அதே பழக்கம். நான் ஒரு பேச்சை எடுத்தால் பாதியில் பிரேக். "சரி சரி, புரிஞ்சிடுச்சு" என்பார். புரிந்திருக்காது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். 'இது தெளிவா, அது தெளிவா' என்று நாள் முழுக்க ஊரையே கேட்கிறேன். என்னைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

காட்டுக் காளான் பைத்தியம் முதலில் எனக்குத்தான் பிடித்தது. புத்தகம் வாங்கிப் படித்தேன்; மரத்தடி மரத்தடியாக மண்டியிட்டுக் கற்றுக்கொண்டேன். அவர் எனக்குத் துணைக்கு வந்தார். போகப் போக நான் அவருக்குத் துணை ஆனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டம் சேர்ந்தது. அவருக்குக் 'காளான் வாத்தியார்' என்று பெயர் வைத்தார்கள். நான் அவர் காதில் போட்டதை அவர் அவர்கள் காதில் போடுவார், பாதியை விட்டுவிட்டு. நான் திருத்த வாயெடுத்தால், "இவளுக்கு இலை அசைஞ்சாலே பயம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கூட நானும் சிரிப்பேன்.

எங்கள் காட்டில் ஒரு வெள்ளைக் காளான் உண்டு. அருமையான ருசி. குடையைக் கசக்கினால் சோம்பு வாசம் வரும். அதே நிழலில், அதே வெள்ளையில், தண்டில் அதே மாதிரி வளையத்தோடு இன்னொன்றும் முளைக்கும். அது எமன். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கம்பசூத்திரம் இல்லை. நல்லதற்குக் குடைக்கு அடியில் மடிப்புகள் இளஞ்சிவப்பாக இருக்கும், வளர வளரப் பழுப்பாகும். கெட்டதற்குக் கடைசிவரை வெள்ளை. கெட்டது மண்ணுக்குள் ஒரு பை மாதிரி உறையிலிருந்து கிளம்பும். அதனால் அடியோடு தோண்டி எடுக்க வேண்டும். கத்தியால் தண்டை அறுத்தால் சாட்சி மண்ணிலேயே தங்கிவிடும்.

அவர் அறுப்பார். கூடையில் பார்க்கச் சுத்தமாக இருக்குமாம். "தோண்டி எடுங்க" என்று கெஞ்சியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன். ஒருநாள் கத்தியையே ஒளித்து வைத்தேன், புதுசு வாங்கிவிட்டார். "என் மூக்கு இருக்கும்போது மண்வெட்டி எதுக்கு?" என்று கூட்டத்தின் முன்னால் மோந்து காட்டுவார். கூடையில் பத்து நல்லது இருந்தால் அந்த வாசம் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லப் போனேன். பிரேக்.

அந்த ஞாயிறு மழை என்று கூட்டம் வரவில்லை. எனக்கு முழங்கால் வலி. அவர் தனியாகப் போய்க் கூடை நிறையக் கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்தார். எல்லாம் அறுத்தது. மேலே இருந்தவை நல்லவை. கீழே நாலைந்தின் மடிப்புகள் சுண்ணாம்பு மாதிரி இருந்தன.

"ஏங்க, இது..." என்று ஆரம்பித்தேன்.

"ஆரம்பிச்சிட்டியா? இன்னைக்கு ஒரு நாளாவது என்னை நிம்மதியாத் திங்க விடு."

விட்டேன். அவர் சொன்னதைத்தான் செய்தேன். இதில் என் குற்றம் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

அவரே கழுவி, அவரே வதக்கினார். சொதசொதவென்றுதான் வந்தது. நான் ரொட்டியைத் தின்றுவிட்டுப் பசியில்லை என்றேன். "பயந்தாங்கொள்ளி" என்று சொல்லி என் பங்கையும் தன் தட்டில் தள்ளிக்கொண்டார். நான் பரிமாறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் கூடையில் கீழே இருந்தவற்றில் ஒரு குடையை மட்டும் எடுத்து, கறுப்புத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி வைத்திருந்தேன். சில மணி நேரத்தில் தூள் உதிரும். பழுப்பு என்றால் நல்லது, வெள்ளை என்றால் கெட்டது. என் கண் என்னை ஏமாற்றியிருந்தால்? அநியாயமாக அவரைக் குறை சொல்லக் கூடாதல்லவா. சாயங்காலம் கிண்ணத்தைத் தூக்கினேன். கோலப்பொடி தூவியதுபோல் வெள்ளை. மடிப்புக்கு மடிப்பு கோடு விழுந்து அவ்வளவு தெளிவாக இருந்தது. நான் சொன்னதுதான் சரி.

தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் காட்டத்தான் போனேன். அவருக்கு இன்னும் தலைவலிகூட வரவில்லை. போனில் கூட்டத்தில் ஒருவரிடம், "அவ வராததே நல்லதாப் போச்சு. நானே தனியாப் பாத்துப் பொறுக்கினேன்" என்று பேசிக்கொண்டிருந்தார். பேசுகிறவரை மறிப்பது மரியாதை இல்லை. திரும்பி வந்து தாளைக் கழுவுதொட்டியில் நனைத்துக் கசக்கிப் போட்டேன்.

ராத்திரி வாந்தியும் பேதியும் ஆரம்பித்தன. விடிந்ததும் ஆஸ்பத்திரி. போகும் வழியில் என் கையைப் பிடித்து, "காளானைப் பத்தி மூச்சு விடாத. வாத்தியாரே மாட்டிக்கிட்டாருன்னு சிரிப்பாங்க" என்றார். புருஷன் சொல்லைத் தட்டவில்லை நான். அவருடைய தங்கை உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கும் புகாரில் இது இருக்காது. அவளுக்கு அண்ணன் சொன்னதெல்லாம் வேதம், நான் சொன்னதெல்லாம் புலம்பல்.

மறுநாள் அவருக்குத் தெளிந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். அந்தக் காளான் அப்படித்தான். நடுவில் ஒரு நாள் ஆளைச் சிரிக்க விட்டு, அதற்குள் ஈரலைத் தின்றுவிடும். புத்தகத்தில் அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

டாக்டர் வந்தார். சின்ன வயசு, அக்கறையான ஆள். ரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஈரல்ல ஏதோ சரியில்ல. வழக்கத்துக்கு மாறா என்ன சாப்பிட்டீங்க? தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மருந்தை இப்பவே ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

என் கணவர் என் பக்கம் திரும்பினார். அப்படி ஒரு பார்வையைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் பார்த்ததில்லை.

"அவளையே கேளுங்க டாக்டர்" என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. அவளுக்குத்தான் எல்லாம் தெரியும். சொல்லும்மா."

டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நர்ஸும் பார்த்தாள். அவரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர்" என்றேன். "முந்தின நாள் இறைச்சி மிச்சம் இருந்தது. வேண்டாம்னு சொன்னேன், கேக்கல. அதைச் சூடு பண்ணிச் சாப்பிட்டார்."

நிறுத்தி நிதானமாக, கடைசி வார்த்தைவரை சொன்னேன். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் யாரும் என்னைப் பாதியில் மறிக்கவில்லை.