கடையில் நின்ற பிள்ளை

—ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது டொலர், அரியரத்தினம் அண்ணை. நீங்கள் எனக்குத் தரவேண்டினது அதுதான். இப்ப மூவாயிரம்தான் மிச்சம், கண்டியளோ.

—என்ன கதை இது, இராஜதுரை? பிள்ளையின்ரை பல்கலைக்கழக முதல் தவணைக்கு நீ கட்டின காசு. நான் இன்னும் ஒரு சதமும் அனுப்பேல்லையே.

—சனி ஞாயிறிலை மிருணா என்ரை பெற்றோல் செட்டுக் கடையிலை நிண்டவள். அதுக்குக் கழிச்சிட்டன். சொந்தத்துக்கை நடக்கிற கலியாணத்துக்கு இஞ்சை பரிஸ் வரேக்கை நேரிலை சொல்லுவம் எண்டு வைச்சிருந்தன்.

—கடவுளே! கேட்டியே மிருணாளினி, சித்தப்பா செய்ததை? ஏன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறாய்? தேத்தண்ணி ஆறுது, குடி.

—அப்பா, மாணவர் விசாவிலை வெளியிலை வேலை செய்யக் கூடாது. டெக்ஸாஸுக்குப் போன முதல் கிழமையே சித்தப்பாவுக்குச் சொன்னனான்.

—வேலையோ? சொந்தக்காரற்றை கடையிலை நிக்கிறது வேலையோ? இந்த லாச்சப்பல் தமிழ்க்கடைத் தெருவிலை பள்ளிக்கூடம் விட்டு வாற பிள்ளையள் எல்லாம் மாமன்ரை கடையிலை, பெரியப்பன்ரை கடையிலை நிக்குதுகள். ஆர் அதை வேலையெண்டது? அண்ணை, நீங்கள்தானே போனிலை சொன்னனீங்கள், கடையிலை நிப்பாட்டு எண்டு.

—ஓம், சொன்னனான். தனிய அறைக்குள்ளை அடைஞ்சு கிடக்கும் எண்டு சொன்னனான்.

—அப்பா, பல்கலைக்கழகத்துக்கு ஆரோ எழுதிப் போட்டிருக்கினம், நான் வெளியிலை வேலை செய்யிறன் எண்டு. ஒஃபீஸிலை என்னைக் கூப்பிட்டு, சம்பளம் வாங்கினனியோ எண்டு கேட்டவை.

—இல்லையெண்டு சொல்லு! உன்ரை கையிலை நான் ஒரு டொலர் தந்தனானோ?

—கடனிலை கழிச்சனீங்கள், சித்தப்பா.

—அப்ப கழிக்கேல்லை! அண்ணை, முழுக்காசையும் நீங்கள் தரவேணும். இது தெரிஞ்சா எனக்கும் தண்டம் அடிப்பாங்கள், கண்டியளோ.

—இப்பதான் கழிச்சாய். தேத்தண்ணி குடிச்சு முடியேல்லை, திருப்பி ஏத்திறாய்.

—பிள்ளைக்காகத்தான் அண்ணை.

—சரி. முழுக்கத் தாறன். ரெஸ்ரோறண்ட் முதலாளி, பத்ரோனிட்டைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமையும் கோப்பை கழுவிறன். மிருணா, சித்தப்பா சொன்ன மாதிரியே சொல்லு. சும்மா நிண்டனான் எண்டு சொல்லு.

—நோன், அப்பா. மாட்டன்.

—என்ன நோன்? இப்ப அது பொய்யில்லையே! கடன் முழுக்க என்ரை தலையிலைதானே கிடக்கு.

—ஒரு வருசம் நிண்டனான். சோதினைக்கு முதல் நாளும் நிண்டனான். காய்ச்சலோடை குளிர்பானப் பெட்டி இறக்கினனான். பிந்தி வந்தா சித்தி ஏசுவா. அது வேலை அப்பா. அப்பிடித்தான் அவைக்குச் சொன்னனான்.

—சொல்லிப்போட்டியோ? விசரி! என்ரை கடைப் பேரும் சொன்னியோ?

—கேட்டவை. யோசிச்சுச் சொல்லுறன் எண்டனான்.

—அண்ணை… அந்த மூவாயிரத்தையும் விடுங்கோ. எனக்கு ஒண்டும் வேண்டாம், முழுக்க விட்டிட்டன். பிள்ளை, கடைப் பேர் வேண்டாம், என்ன?

—உன்ரை கடை கிடக்கட்டும், துரை. மிருணா, லீவு முடிஞ்சு போனாப் பிறகு அவையோடை நல்லபடியாக் கதைச்சுப் பாரன். சின்னப் பிள்ளை, தெரியாமச் செய்தது எண்டு விடுவினம்.

—நான் லீவிலை வரேல்லை அப்பா. விசாவை நிப்பாட்டித்தான் அனுப்பினவை.