உங்கள் தாயார் பெயரைச் சொல்லுங்கள்

சளி பிடித்தால் மட்டும்தான் நான் விடுப்பு எடுப்பேன். தலைவலி, வயிற்றுவலி என்று ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட வீட்டில் படுத்ததில்லை. ஆனால் தொண்டை கட்டிக்கொண்டால் எங்கள் வேலையில் ஒன்றும் செய்ய முடியாது. நேற்று விசாரணை அறையில் நீங்கள் காகிதக் கட்டையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தி, "நடந்ததை உங்க வார்த்தையிலயே எழுதுங்க, அவசரம் இல்லை" என்றீர்கள், மேடம். அந்தத் தொனி எனக்குப் பிடித்திருந்தது. எங்களிடம் வேலைக்கு வந்திருந்தால் ஆறே மாதத்தில் மேற்பார்வையாளர் ஆகியிருப்பீர்கள்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு வாடிக்கையாளரின் கார்டு என் அடையாள எண்ணிலிருந்து ஏன் முடக்கப்பட்டது? பதில் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கும் நியாயம் புரியும்.

எங்கள் நிறுவனம் ப்ரீபெய்டு கார்டு கொடுக்கிறது. கடனைக் கட்டாமல் விட்டவர்கள், வங்கி வாசலில் காவலாளியே திருப்பி அனுப்பிவிடுகிறவர்கள், இவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். பணத்தை முதலில் போட வேண்டும், பிறகு எடுக்க வேண்டும். யாரையும் எதுவும் கேட்பதில்லை. கட்டணங்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. மாதத்துக்கு ஒன்று, பணம் போட்டால் ஒன்று, இருப்பு பார்த்தால் ஒன்று, கடையில் கார்டு நிராகரிக்கப்பட்டால் ஒன்று. இரண்டு மாதம் கார்டைத் தொடாமல் இருந்தால் அதற்கும் ஒன்று. எல்லாவற்றையும் எட்டாக மடித்த காகிதத்தில் அச்சடித்துத்தான் கொடுக்கிறோம். எழுத்து சிறியதுதான். ஏன் பணம் குறைகிறது என்று போன் செய்து கேட்டால், முதல் இரண்டு நிமிடம் இலவசம், அதற்குப் பிறகு நிமிடக் கணக்கு. காத்திருக்கும் நேரமும் அதில் சேரும். எங்கள் கேன்டீனில் இதை வைத்துச் சிரிப்பார்கள்: அழுதாலும் காசு, ஏன் அழுகிறாய் என்று கேட்டாலும் காசு.

நான் அந்தத் தொலைபேசிப் பிரிவில் மேற்பார்வையாளர். புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுப்பேன். நிதானமாகப் பேசுங்கள், வாடிக்கையாளர் சொன்ன எண்ணை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள், வீட்டில் எல்லோரும் நலமா என்று கேளுங்கள் என்பேன். மரியாதைக்கு நேரம் ஆகும். காத்திருந்த நேரம் போக, பேச்சு மட்டும் பதினொரு நிமிடம் வரை போகலாம். அதற்குமேல் இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும்.

இப்போது அக்காவைப் பற்றி. என்னைவிட எட்டு வயது மூத்தவள். அம்மா வேலைக்குப் போய்விடுவாள், அக்காதான் எனக்குச் சட்டை மாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தன் வகுப்புக்கு ஓடுவாள். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் நகலெடுக்கும் கடை ஒன்று திறந்தேன். பெரிய இயந்திரம் இரண்டு, கடனில். அதற்கு ஜாமீன் கையெழுத்து அக்கா போட்டாள். யாரும் அவள் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. கடை படுத்துவிட்டது. நானும் வேலைக்கு வந்த பிறகு கட்டலாம், கட்டலாம் என்று நாளைக் கடத்தினேன். வங்கி அவளைப் பிடித்துக்கொண்டது. அவள் தைக்கிற சீருடைக் கம்பெனியின் சம்பளம் முழுவதும் கணக்கில் விழுந்த நிமிடமே கடனுக்குப் போனது. ஒருநாள் நான் பழம் வாங்கிக்கொண்டு போனபோது, மாடிப்படியிலேயே நிறுத்தினாள்.

"இனிமே இந்த வாசல்ல கால் வைக்காதே. எனக்குத் தம்பி இல்லைன்னு நெனச்சுக்கறேன்."

பழத்தைப் படியிலேயே வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவள் என்னோடு பேசவில்லை. அம்மாவின் நினைவு நாளில்கூடப் பேசவில்லை. எனக்கு அது தாங்கவில்லை, மேடம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு அந்தச் சீருடைக் கம்பெனி, வங்கியில் சிக்கல் உள்ள தொழிலாளர்களுக்கு எங்கள் கார்டில் சம்பளம் போட ஒப்பந்தம் செய்தது. பட்டியல் என் திரைக்கு வந்தது. அவள் பெயர் இருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது மாதம் அவளே அழைத்தாள். தற்செயலாக என் இணைப்புக்கு வந்தது.

"சார், சம்பளம் போட்டு ஒரு வாரம்கூட ஆகல. நான் எதுவும் வாங்கல. பணம் குறைஞ்சிருக்கு. எங்க போச்சுன்னு சொல்லுங்க சார்."

சார் என்றாள். நாங்கள் வேலையில் பேசும் குரல் வேறு, வைத்துக்கொள்ளும் பெயரும் வேறு. சரிபார்ப்புக் கேள்விகள் மூன்று கேட்க வேண்டும். பிறந்த தேதியைக் கேட்டேன், சொன்னாள். முகவரியைக் கேட்டேன், சொன்னாள். உங்கள் தாயார் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். அவள் எங்கள் அம்மாவின் பெயரைச் சொன்னாள். அவள் வாயால் அந்தப் பெயரைக் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் பார்க்காதபடி திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டேன். விதிப்படி கேட்க வேண்டியதுதான். அத்தானுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரியும். இருபது வருடம் பெயின்ட் ஆலையில் இருந்தவர். நான்கு நாளைக்கு ஒருமுறை ஆக்சிஜன் சிலிண்டர் மாற்ற வேண்டும், நிரப்புகிற இடத்தில் கார்டு மட்டும்தான் வாங்குகிறார்கள் என்றாள். பதினொரு நிமிடம் பேசினோம். அடுத்த நாளே, அவள் எண்ணிலிருந்து எந்த அழைப்பு வந்தாலும் என் இணைப்புக்கு மட்டும் வரும்படி ஒரு குறிப்புப் போட்டு வைத்தேன். வேறு யாராவது எடுத்து அவளிடம் எரிந்து விழுந்தால்?

ஆனால் அதற்குப் பிறகு ஆறு வாரம் அவள் அழைக்கவில்லை. நிமிடக் கட்டணம் அவளுக்குப் புரிந்துவிட்டது போலும், அவள் எப்போதுமே கெட்டிக்காரி. நான் தினமும் காத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கார்டில் பாதுகாப்புச் சோதனை என்று ஒரு தடை போட்டேன். மேற்பார்வையாளருக்கு அந்த அதிகாரம் உண்டு. கடையில் கார்டு நிராகரிக்கப்பட்டவுடன் பத்தே நிமிடத்தில் அழைத்தாள். மூன்று கேள்வி கேட்டேன், அம்மா பெயரைச் சொன்னாள், பேசினோம், தடையை எடுத்துவிட்டேன்.

"ரொம்ப நன்றி சார். நீங்க நல்லா இருக்கணும்."

யாருக்கு இதில் என்ன நட்டம்? அவளுக்கும் மனம்விட்டுப் பேச ஒரு ஆள் கிடைத்தது. ஐந்து மாதத்தில் ஏழு முறை அப்படிச் செய்தேன். சிலிண்டர் மாற்றும் நாளாகப் பார்த்துத் தவிர்ப்பேன். அந்த அளவுக்கு எனக்கும் மனசு இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் சிலிண்டர் நாள் இல்லைதான். அத்தானுக்கு முதல் நாள் இரவே மூச்சு மோசமாகி, ஒரு நாள் முன்னதாகவே சிலிண்டர் காலியாகிவிட்டது என்பது எனக்கு எப்படித் தெரியும்? பதினொரு மணிக்குத் தடை போட்டேன். உடனே மேலாளர் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார். அந்த வருடத்தின் சிறந்த மேற்பார்வையாளர் யார் என்ற பேச்சு. பாதியில் எழுந்து வருவது அழகல்ல. அவள் சிலிண்டர் கடைக் கவுண்டரில் நின்று மூன்று முறை கார்டைப் போட்டிருக்கிறாள். மூன்று நிராகரிப்பு, மூன்று கட்டணம். பிறகு எங்களை அழைத்திருக்கிறாள். அவள் எண்ணை வேறு யாரும் எடுக்க முடியாதபடி நான்தான் செய்து வைத்திருந்தேனே. வரிசையில் காத்திருந்தாள். நான் திரும்பி வந்து காதுக்கருவியை மாட்டும்போது இருபத்து மூன்று நிமிடம் ஓடியிருந்தது.

வணக்கம் சொல்லி, பிறந்த தேதியைக் கேட்டேன். சொன்னாள். முகவரி கேட்டேன். சொன்னாள். பின்னால் சிலிண்டர்களை உருட்டும் சத்தம் கேட்டது. தாயார் பெயரைச் சொல்லுங்கள் என்றேன்.



"அம்மா பேரை என்கிட்டயே கேக்கறியேடா. உனக்குத் தெரியாதா?"

நான் திரையில் ஓடும் நிமிடக் கணக்கைப் பார்த்தேன்.

"மொத நாளே தெரியும். உன் குரல் எனக்குத் தெரியாதா? நீயா வாயைத் திறந்து சொல்லுவேன்னுதான் சார் சார்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அதெல்லாம் இருக்கட்டும். கார்டைத் திறந்துவிடு. வீட்ல அவரு மூச்சு விட முடியாம உக்காந்திருக்காரு. சீக்கிரம்டா, என் கண்ணு."

இந்த இடத்தை நீங்கள் ஒலிப்பதிவில் கேட்டிருப்பீர்கள். அழைப்புகள் எல்லாம் பதிவாகும் என்பது அப்போதும் எனக்கு நினைவில் இருந்தது. தம்பி என்று ஒப்புக்கொண்டால், உறவினர் கணக்கில் எட்டு முறை தடை போட்டது யார், ஏன் என்று யாராவது தோண்டுவார்கள். அதனால் நிதானமாக, "மன்னிக்கவும், தனிப்பட்ட உரையாடலுக்கு இங்கே அனுமதி இல்லை. தாயார் பெயரைச் சொன்னால்தான் மேற்கொண்டு தொடர முடியும்" என்றேன். குரல் நடுங்கவில்லை. அந்த ஒலிப்பதிவைப் பயிற்சி வகுப்பில் போட்டுக் காட்டலாம்.

அவள் அம்மா பெயரைச் சொன்னாள். சத்தமாக, கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொல்லிவிட்டு அழுதாள்.

தடையை எடுத்தேன். உடனே கார்டைப் போட்டாள். நிராகரிக்கப்பட்டது. மூன்று நிராகரிப்பும் இருபத்து மூன்று நிமிடமும் சேர்ந்து, சிலிண்டர் விலைக்கு ஒரு பஸ் டிக்கெட் காசு குறைந்திருந்தது. இந்த நிராகரிப்புக்கும் கட்டணம் விழுந்ததை நான் திரையில் பார்த்தேன். கவுண்டரில் இருந்தவர், "சிஸ்டம் எடுக்கலைன்னா நான் என்னம்மா பண்றது" என்று சொல்வது கேட்டது.

கட்டணங்களைத் திருப்பிப் போட என்னால் முடியும். அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது, அமுக்கினால் ஐந்து நொடி. ஆனால் காரணம் எழுத வேண்டும், காரணத்தைத் தணிக்கைப் பிரிவு படிக்கும், படித்தால் தடையைப் பார்க்கும். என் சட்டைப்பையில் அதுபோல இருபது மடங்கு காசு இருந்தது. ஊழியர் வாடிக்கையாளர் கணக்கில் பணம் போடக்கூடாது என்பது விதி. ஒன்பது வருடத்தில் நான் ஒரு விதியையும் மீறியதில்லை, தடை விஷயத்தைத் தவிர.

"போதிய இருப்பு இல்லை. பணம் செலுத்திவிட்டு மீண்டும் முயற்சி செய்யவும். வேறு ஏதாவது உதவி தேவையா?" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது வர நாற்பது நிமிடம் ஆனது. அத்தான் மூன்றேகால் மணிக்குப் போய்விட்டார். எனக்கு மறுநாள்தான் தெரியும். என்னிடம் சைக்கிள் இல்லாத காலத்தில் தன் சைக்கிளைக் கொடுத்தவர். அவரைக் கொன்றது நான்தான் என்று எழுத வேண்டுமென்றால் எழுதுகிறேன், மேடம், இதோ எழுதிவிட்டேன். தடை போட்டது நான், எடுக்காமல் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தது நான், பொத்தானைத் தெரிந்தே அமுக்காமல் விட்டதும் நான்தான். கீழே கையெழுத்தும் போட்டுத் தருகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். போன வாரம் அக்காவிடமிருந்து, கார்டு கணக்கை மூடச் சொல்லி விண்ணப்பம் வந்திருக்கிறது. மூடுவதற்கு முன்னால் வாடிக்கையாளரை அழைத்து, மூன்று கேள்வி கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். அந்தக் கோப்பு என் பெயரில்தான் நிற்கிறது. தயவுசெய்து வேறு யாருக்கும் மாற்றிவிட வேண்டாம். அதுவரை மாதக் கட்டணம் மட்டும் ஏறும், பெரிய தொகை இல்லை. அவள் கோபம் கொஞ்சம் ஆறட்டும், நானே அழைத்துப் பேசிக்கொள்கிறேன். நிச்சயம் எடுப்பாள், மேடம். எடுக்காவிட்டால் கணக்கை மூட முடியாது.