தம்புரா நின்ற மத்தியானம்

— அதைத் தொடாதீங்கோ மன்னி! சத்தத்தைக் குறைச்சா எல்லாம் போயிடும்.

— காது கிழியுது கோகுல்! அஞ்சு மணிக்கு ஜனங்க வந்துடுவாங்க. உன் மராட்டி நாடகத்துக்கு இடி போடற மாதிரி போட்டு வெச்சா, பனிப்பாறை உருகறதைப் பத்தின கண்காட்சின்னு யாரு நம்புவாங்க?

— நான் போட்டது ஒண்ணுமே இல்லை. லாஹுல்ல, மலை மேல, பனிக்குள்ளே வரிசையா நாலு மைக் புதைச்சு வெச்சிருக்கேளே...

— மைக் இல்லப்பா, அதிர்வுமானி.

— ஏக்தம் சரி, அதிர்வுமானி. அது சாட்டிலைட் வழியா அனுப்பறதை அப்படியே ஸ்பீக்கர்ல விடறேன். அந்த 'டக்... டக்' கேக்கறதே?

— பனி விரிசல் விடுது.

— புல்லரிக்கறது! எங்கேயோ இமயமலை விரல் சொடுக்கறது, நாம புனே மழையில சாய் குடிச்சுண்டே கேக்கறோம். இங்கே கராடி ஏரியா ஃப்ளாட்டுல லாப்டாப்பும் கையுமா உக்காந்திருப்பேள், ஏதோ எக்ஸெல் ஷீட்னு நினைச்சுண்டிருந்தேன். நீங்க மலைக்கு நாடி பிடிச்சுண்டிருந்தேள்!

— பனி ஆராய்ச்சிக்காரிக்கே ஐஸ் வைக்கிறியா? போ, வயரை ஒட்டு.

— அந்த வயர்மேலதான் சந்தேகம். காலையிலேர்ந்து தம்புரா கேக்கலை.

— என்ன தம்புரா?

— முதல்ல நீங்க சுத்தம் பண்ணிக் குடுத்த பதிவுல வெறும் டக்டக்தான். தம்புரா இல்லாத கச்சேரி மாதிரி இருந்தது. அதனாலதான் சுத்தம் பண்ணாததையே கேட்டு வாங்கினேன். அதுல அடியில 'ஊம்'னு ஒரு சுருதி. ராத்திரி இறங்கும், மத்தியானம் ஏறும். மொத்தத்தையும் அதுமேலதான் கட்டியிருக்கேன்.

— அது இரைச்சல் கண்ணு. பனிக்கு அடியில தண்ணி ஓடற சத்தம். விரிசல் தெளிவாக் கேக்கணும்னு என் புரோகிராம் அதை வடிகட்டித் தூக்கி எறிஞ்சிடும்... ஒரு நிமிஷம். நின்னுடுச்சா?

— நின்னுடுத்து. வயர் போச்சோன்னு தேடிண்டே இருக்கேன்.

— வயர் போயிருந்தா விரிசலும் கேக்காதே. டக்டக் வருதில்ல? கருவி உசிரோட இருக்கு. கோகுல், இந்த நேரத்துல தண்ணி உச்சத்துல ஓடணும்!

— உங்க எச்சரிக்கை விளக்கு பச்சையாத்தானே எரியறது?

— சத்தம் கூடினாத்தான் அது சிவப்பாகும். சத்தம் நின்னா என்ன பண்ணணும்னு நான் அதுக்குச் சொல்லியே தரலை. கடவுளே... உள்ளே எங்கயோ வழி அடைச்சுக்கிச்சு. உருகற தண்ணியெல்லாம் பனிக்குள்ளேயே தேங்குது.

— தேங்கினா?

— உடைச்சுட்டு வரும். பனியோட வாய்க்கு நேரா, மணல்ல யாரு கூடாரம் போட்டிருக்காங்க?

— அண்ணா!

— உங்கண்ணனும் இன்னும் ஏழு பேரும். அவங்க சாட்டிலைட் போனுக்குப் போடு. ஸ்பீக்கர்ல போடு!

— ஹாங், அனிருத் பேசறேன். பார்கவியா? துளை போடற மிஷினை இப்பத்தான் இறக்கினோம்.

— அனி, எல்லாரையும் கூட்டிட்டு மேட்டுக்கு ஏறு. இப்பவே!

— என்னது? கோவேறு கழுதையெல்லாம் திரும்பிப் போயாச்சு. மிஷினை விட்டுட்டு ஏறினா இந்த வருஷ வேலை அவ்வளவுதான். இங்கே விளக்கெல்லாம் பச்சையாத்தான் இருக்கு. யார் சொன்னா?

— கோகுல் கண்டுபிடிச்சான். தண்ணிச் சத்தம்...

— கோகுலா? நல்ல ஐ.டி. வேலையை விட்டுட்டு நாடகத்துக்கு மழைச் சத்தம் போடறவன் பேச்சைக் கேட்டா? நீ விஞ்ஞானி பார்கவி!

— அண்ணா, நான்தான். தப்பா இருந்தா ஊரைக் கூட்டிச் சிரி. ஒண்ணே ஒண்ணு சொல்லு. வெளியில ஆறு எப்படி ஓடறது?

— ஆறா? மேகமூட்டம், வெயிலே இல்லை. காலையிலேர்ந்து வத்திக் கிடக்கு. மிஷினைத் தூக்கிண்டு ஷூ நனையாம கடந்தோம். பெரிய சௌகரியம்!

— அனி! அந்தத் தண்ணி எங்க போச்சுன்னு நினைச்சே? உன் தலைக்கு மேல நிக்குது! மிஷின் போகட்டும், வருஷம் போகட்டும். குழுவுக்குத் தலைமை நான். இது உத்தரவு. ஓடு!

— கீழே கிராமத்துக்கு...?

— நான் பேசறேன். நீ ஓடு!

— அரே, சலோ! ஸப் லோக் ஊபர்! எல்லாரும் மேலே! சலோ, சலோ!

— வெச்சுட்டான் மன்னி. குடுங்கோ, கிராமத் தலைவர் நம்பரை நான் போடறேன்.

— ஹலோ, சர்பஞ்ச்ஜி? ...ஹாங்ஜி, அபி! ...அப்பாடா. ஊர் மேட்டுலதான் இருக்கு. ஆத்தோரம் ஆடு மேய்க்கிறவங்களைக் கூப்பிட ஓடறாராம்.

— உங்க கணக்கு தப்பா இருந்தா?

— தப்பா இருக்கணும்னுதான் வேண்டிக்கிறேன்.

— மன்னி... ஸ்பீக்கர்!

— என்ன சத்தம் இது? சுவரே அதிருது!

— நான் எதையும் தொடலை! முதல் அதிர்வுமானி... போச்சு. ரெண்டாவது...

— மேலேர்ந்து கீழே வருது.

— மூணும் போச்சு.

— நாலாவது கூடாரத்துக்குப் பக்கத்துல.

— ...அதுவும்.

— அனிக்குப் போடு. போடு!

— எடுக்கலை. மறுபடி போடறேன்... ம்ஹும்.

— மூணு வருஷமா அந்தத் தண்ணி பேசிட்டிருந்துச்சு. நான் அது வாயைக் கட்டி வெச்சேன். வந்த கையோட உனக்குக் கேட்டுச்சே! என்ன காதுப்பா உனக்கு!

— எனக்குக் கேட்டது வெறும் சத்தம். அர்த்தம் சொன்னது நீங்க. நான் தனியா இருந்திருந்தா இன்னும் வயரைத்தான் தேடிண்டிருப்பேன்.

— மணி அடிக்குது! அனி? அனி, பேசு!

— இரு... மூச்சு வாங்கறது. கூடாரம் இருந்த இடத்துல வீடு வீடாப் பனிக்கட்டி உருண்டுண்டு போறது. மிஷின் போச்சு. எல்லாம் போச்சு.

— ஆளுங்க? அனி, ஆளுங்க!

— போனைக் கோகுல்கிட்ட குடு. அவனோட பேசணும்னு எட்டு பேரும் இங்கே அடிச்சுக்கறோம். முதல்ல நான்.