மூக்கைக் கட்டிக்கிட்டவ

தேய்க்கக் கூடாது, அதானே? தெரியும்மா, தெரியும். ஒரு மணிக்கட்டுல சென்ட்டை விட்டுட்டு இன்னொரு மணிக்கட்டால அரைச்சா வாசனை செத்துப் போயிடும். முத்து மாலையில படக் கூடாது. கோட்டுக்கு உள்பக்கம் அடிச்சா நாள் பூரா நிக்கும். அப்புறம்? காத்துல அடிச்சுட்டு அதுக்குள்ள நடந்து போகணுமா? பாரீஸ்காரிங்க சொல்லிக் குடுத்தாங்களாக்கும். பாதி எனக்கு, பாதி தரைக்கு. உங்க முதலாளிக்கு நல்ல வியாபாரந்தான். சொல்லு சொல்லு, நீ சொல்றதுக்குத்தானே சம்பளம் தர்றாங்க. உம் பேரு என்ன, சட்டையில குத்தியிருக்கே... சோலேன். நல்ல பேரு. நான் ஜிசேல்.

இல்லம்மா, நான் இந்தத் தொழில்ல இல்ல. தொழில்தான் எங்க வீட்டுக்குள்ள இருந்துச்சு. எம் புருஷன் ரெமி சென்ட்டு உருவாக்குறவரு. நம்ம கிராஸ் ஊருல அந்த வேலை பாக்குறவங்களுக்கு மூக்குன்னுதானே பேரு? ஆக, நான் ஒரு மூக்கைத்தான் கட்டிக்கிட்டேன். மிச்ச உடம்பு சும்மா கூட வந்துச்சு.

குடுத்து வச்சவளா? ஆமாமா, ரொம்ப. எல்லாரும் அதேதான் சொல்லுவாங்க, உங்க வீடே மணக்குமேன்னு. வீட்டுல மணமே ஆகாதும்மா! எங்க துரைக்கு மூக்கு கெட்டுப் போயிடும். வாசனையில்லாத சோப்பு, வாசனையில்லாத துணிப் பவுடர். கல்யாணமான புதுசுல தோட்டத்துல மல்லி வச்சேன். பூக்குற வரைக்கும் பொறுமையா இருந்துட்டு வேரோட பிடுங்கிட்டாரு. இப்போ கள்ளிச்செடி மட்டும் நிக்குது. முள்ளு மணக்காதே, அந்த தைரியம்.

பூண்டா? அந்தப் பேச்சையே எடுக்காத. வெள்ளிக்கிழமை ஊரே ஐயோலின்னு பூண்டுத் துவையலை அரைச்சு வச்சுக்கிட்டு உப்பு மீனைத் தொட்டுத் தின்னும். நான் மட்டும் கள்ளப் புருஷனைப் பாக்கப் போறவ மாதிரி, பஸ் ஏறி காப்ரியில இருக்குற அக்கா வீட்டுக்குப் போயித் தின்னுட்டு, அங்கேயே படுத்துட்டு மறுநாள் வருவேன். அந்த வாயோட என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாரு.

இது என்ன, காப்பிக் கொட்டையா? மோந்தா மூக்கு தெளிஞ்சிடுமா? சிரிக்கிறேன்னு தப்பா எடுத்துக்காதம்மா. எங்க வீட்டுல அந்தக் காப்பிக் கொட்டை நான்தான். சாயங்காலம் ஆலையிலேருந்து வருவாரு, தொப்பியைக் கூடக் கழட்டாம என் கழுத்துல மூக்கை வச்சுக்கிட்டு நிப்பாரு. அப்பாடா, உங்கிட்ட மட்டுந்தான் ஜிசேல் ஒண்ணுமே இல்லைம்பாரு. கொஞ்சிக்கிட்டுதான் சொல்லுவாரு. ஒரு பொம்பளையைப் பாத்துச் சொல்ற பேச்சா அது? நீயே சொல்லு. ஆனா கழுத்தை நகத்தினதில்லம்மா நான். ஒரு நாளும் நகத்தினதில்ல.

ஐயையோ, அதை எடுக்காத. மூடு, மூடு. அது அவரு செஞ்சதுதான். அட்டையில என்ன போட்டிருக்கு, படி. மனைவியின் தோட்டத்தில் பிறந்த நறுமணமா? டிவியிலயும் இதையேதான் சொன்னாரு, கண்ணெல்லாம் கலங்கிப் போயி. நான் பக்கத்துல உக்காந்து தலையாட்டுறேன். எந்தத் தோட்டம்? பிடுங்கிப் போட்டாரே, அந்தத் தோட்டந்தான்.

அந்தக் கோடியில இருக்குறது என்ன? நிலசம்பங்கியா? கனமா இருக்குமா? என் வயசுக்கு எடுக்காதா? வயசானவளுக்கு லாவெண்டர்தான் விதிச்சிருக்காக்கும், அலமாரித் துணிக்குள்ள போட்டு வைக்கிற மாதிரி. குடு இங்க.

ம்.

இரும்மா, பேசாத. இதுதான். இது எனக்குத் தெரியும். எதிர்க் கம்பெனிக்காரரு பாஸ்கால் செஞ்சது. இது வந்த புதுசுல ரெமி ஒரு தடவ மோந்து பாத்தாரு. வேசி வாசனைன்னு சொல்லி சன்னல் வழியா வீசிட்டாரு. அப்புறம் ஒரு வாரம் மேசையில உக்காந்து சூப்பைக் கிண்டிக்கிட்டே இருந்தாரு. அவ்வளவு நல்லா இருக்குன்னு அர்த்தம்.

இதையே குடு. பரிசுத் தாள்லாம் வேணாம், இப்பவே போட்டுக்கணும். விசேஷமான்னு கேக்குறியா? விசேஷந்தான். மூணு மணிக்குப் பெரிய கோயில்ல பூசை. ஊருல இருக்குற மூக்கு அத்தனையும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கிட்டு வரிசையா உக்காந்திருக்கும். பாஸ்காலும் வருவாரு. அவங்களுக்கு நடுவுல, சவப்பெட்டிக்குப் பின்னாலயே நான் நடந்து போகணும்.

ஆமாம்மா. ரெமிதான். செவ்வாய்க்கிழமை, தூக்கத்துலயே.

அட, நீ எதுக்கு அழற? அழுதா மூக்கு அடைச்சுக்கும், அப்புறம் எப்படி விப்ப? இந்தா, கொண்டையைத் தூக்கிப் பிடிச்சுக்கறேன், பின் கழுத்துல அடி. எனக்குக் கை எட்டல. காதுக்குக் கீழயும். இன்னும். கஞ்சத்தனம் பண்ணாதம்மா, இன்னும் நல்லா அடி. பெட்டி மூடியிருக்கும்.