கேட்டுப் பக்க ரிங்

— அந்த விசில்காரன் இன்னாத்துக்கு என்னியே மொறைச்சுகினு இருந்தான்?

— நீ “கால புடி, கால புடி”ன்னு கத்தினா மொறைக்காம என்ன பண்ணுவாரு? இது கபடி இல்லப்பா. பாஸ்கெட்பால்ல யாரும் யார் காலையும் புடிக்கக் கூடாது.

— அந்த நெட்டப் பொண்ணு உன்னத் தாண்டிகினு போவுது, நான் குந்திகினு வேடிக்க பாக்கணுமா எழிலு? பேக்டரி டீமுக்கு கபடி ஆடினவன்மா நானு. வாய் சும்மா இருக்குமா?

— சும்மா இருந்தாத்தான் நல்லாருக்கும். மெதுவா ஓட்டு, முன்னாடி பள்ளம்.

— திருமுல்லைவாயல் ரோட்டுல எந்தப் பள்ளம் எங்க கீதுன்னு எனக்கே சொல்றியா?

— பள்ளமெல்லாம் தெரியுது. ஆஃப் டைமுக்கு அப்புறம் ரிங் மாறும்னு மட்டும் மண்டைல ஏறல. முதல் பாதி கேட்டுப் பக்க ரிங்ல போட்டா, ரெண்டாவது பாதி மரத்துப் பக்க ரிங்ல போடணும். நீ என்னடான்னா கடைசி வரைக்கும் கேட்டுப் பக்கமே கைய நீட்டி “அங்க போடு எழிலு, அங்க போடு”ன்னு தொண்ட கிழியக் கத்தற.

— இது இன்னா நியாயம்? ஒரு பாதி பூரா கஷ்டப்பட்டு போட்ட கூடைய, அடுத்த பாதி எதிராளிக்குத் தூக்கிக் குடுத்துட்டு வரணுமா? எந்த ஊரு சட்டம் அது?

— உலகம் பூரா அதான் சட்டம்.

— ரைட்டு.

— என்ன ரைட்டு? எதிர் டீம் பொண்ணுங்க உனக்குக் கை தட்டுறாங்கப்பா. நீ கத்தினதும் “தேங்க்ஸ் அங்கிள்”ங்கறாளுங்க. எங்க கேப்டன் ஆக்னஸ், அவளே வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கிறா. கோச்சு மைக்குல, “சம்பந்தம் சார், தயவுசெஞ்சு உக்காருங்க”ன்னு கெஞ்சினாரு. அம்பத்தூர் முழுக்க கேட்டிருக்கும்.

— மருவாதியா சார்னு தானே சொன்னாரு. அத்த வுடு. செமி ஜெயிச்சோமா இல்லியா? மண்டல பைனலு வந்துட்டோம் இல்ல?

— வந்துட்டோம். பைனலுக்கு நீ வரணும்னா ஒரு கண்டிஷன். வாயத் தொறக்கக் கூடாது.

— கையி?

— கையா? கைய வேணா நீட்டிக்கோ.

— நீட்டலாமா?

— நீட்டிக்கோப்பா. பழக்கத்த ஒரேயடியா விட முடியாதுல்ல. வாய் மட்டும் கூடாது. சத்தியம் பண்ணு.

— வண்டி ஓட்டிகினு இருக்கறவன்கிட்ட சத்தியம் கேக்குறியே. ரைட்டு, வாய் தொறக்க மாட்டேன், சத்தியம். இப்ப போண்டா துன்னலாமா? இல்ல அதுக்கும் வாய் தொறக்கக் கூடாதா?

— ஆளுக்கு ரெண்டு வாங்கு. அம்மாக்கு பார்சல். சட்னி அதிகமா.

*

— அம்மா? நீ எப்படி கிரவுண்டுக்கு வந்த? அத்தை விட்டாங்களா?

— விடுவாளா உங்க அத்தை? “என் தம்பி காரியம் முடிஞ்ச ஈரம் காயல, பந்து வெளையாட்டு பாக்கப் போறியா”ன்னு கேப்பா. தலவலி, டாக்டர பாத்துட்டு வரேன்னேன். நானும் வரேன்னு செருப்ப மாட்டினா. அங்க வரவங்க எல்லாருக்கும் ஊசி போடறாங்கன்னேன். செருப்பக் கழட்டிட்டு உள்ள போயிட்டா.

— அம்மா, நான் ரெண்டாவது பாதி ஆடல. கோச்சுகிட்ட சொல்லி நிஷாவ எறக்கச் சொல்லப் போறேன்.

— ஏன்? எழிலு இல்லாம இந்த டீமு தேறாது, மழையில கோர்ட்டு குளமாகி பைனல் தள்ளிப்போனதே நம்ம அதிர்ஷ்டம்னு ஆக்னஸ் வீட்டுக்கு வந்து கைய புடிச்சுக்கிட்டு சொல்லிச்சே. இப்ப நல்லாத்தானே ஆடின?

— நல்லாத்தான் ஆடினேன். ஒரு கூடைதான் பின்தங்கியிருக்கோம், ஜெயிக்கலாம். அதான் பயமே. சொன்னா சிரிக்கக் கூடாது.

— எனக்கு சிரிப்பு வந்து நாளாச்சு. சொல்லு.

— ரிங் மாறினதும் எனக்கு எந்தப் பக்கம்னு குழம்பிடும்மா. ஃபர்ஸ்ட் இயர்ல என் முதல் மேட்சு. ஆஃப் டைம் முடிஞ்சு பந்து கைக்கு வந்துச்சு. வேகமா ஓடி, எம்பி, அழகா எங்க ரிங்லயே போட்டுட்டேன். எதிர் டீமுக்குப் பாயிண்டு. கிரவுண்டே சிரிச்சுது. அதுலேர்ந்து பந்து கைக்கு வந்தா ரெண்டு ரிங்கும் எனக்கு ஒண்ணுதான்.

— அப்புறம் எப்படி இத்தன மேட்சு ஆடின?

— அப்பாவ பாப்பேன்.

— ஆங்.

— அவருதான் ரெண்டாவது பாதில எப்பவும் தப்பாக் காட்டுவாரே. அவர் கை எந்தப் பக்கமோ, அதுக்கு எதிர்ப்பக்கம் ஓடுவேன். அந்த மனுசன் ஒரு மேட்ச்லகூட தவறிப்போய் சரியாக் காட்டினதில்லம்மா. வாய மூடுன்னு நான் சத்தியம் வாங்கினப்போகூட, கைய விட்டுவெச்சேன்.

— தெரியும். சொன்னாரு.

— என்ன சொன்னாரு?

— அன்னிக்கு ராத்திரி அந்த போண்டாவப் பிரிச்சு எங்கிட்ட குடுத்துட்டு, “ஜெகதா, எழிலு என் வாய மூடிடிச்சு. கைக்கு மட்டும்தான் பர்மிஷன். பைனல்ல கூட்டம் இருக்கும், வெறும் கைய நீட்டினா தெரியாது. நீ வா, எனக்குப் பதிலா நீ கத்து”ன்னாரு. எனக்கு என்ன தெரியும், வெங்காயம் என்ன வெலைன்னு கேக்கத் தெரியும்னேன். ஒத்திகை குடுக்கறேன்னு ஆரம்பிச்சுட்டாரு.

— ஒத்திகையா?

— கேஸ் அடுப்பு ஒரு ரிங்காம், சிங்க் ஒரு ரிங்காம். நடுவுல இவரு டம்ளர தட்டி ஆஃப் டைம்ங்கறாரு, அதுக்கப்புறமும் அடுப்புப் பக்கமே கைய நீட்டுங்கறாரு. பக்கத்து குவார்ட்டர்ஸ் மைதிலி கதவத் தட்டி, என்னக்கா சண்டையான்னு கேட்டா. மறுநாளே ஷிப்டுல நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. இல்லன்னா ரெண்டு பேருமாத்தான் வந்திருப்போம்.

— அம்மா, அழாத. விசில் ஊதறாங்க. நான் கோச்சுகிட்ட போறேன்.

— யாரு அழுதா? கண்ணுல தூசி. நில்லு. நான் கைய நீட்டறேன் பாரு. கேட்டுப் பக்கம். அங்க போடு எழிலு.

— போச்சு. ரிங் மாறிடுச்சும்மா, கேட்டுப் பக்கம் இப்ப அவங்க போடற ரிங். உனக்கும் தப்பாவே சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்காரு.

— நானும் அன்னிக்கு அதத்தான் சொன்னேன். ரிங் மாறிடுச்சே, இப்ப சிங்கைத்தானே காட்டணும்னு. டம்ளர கீழ வெச்சுட்டு சிரிச்சாரு.

— ஏன்?

— முதல் மாசம் அவருக்கும் நெசமாவே தெரியாதாம். அப்புறந்தான் பாத்தாராம், நீ பந்த வாங்கினதும் ஒருவாட்டி அவரு கையப் பாத்துட்டு எதிர்ப்பக்கமா ஓடறத. “சரியாக் காட்டிடாத ஜெகதா, பொண்ணு குழம்பிடும்”னாரு. ஓடுடி, நீட்டின கை வலிக்குது.