பெட்டியில் இல்லாத சிவப்பு இறகு

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருஷம். பண்டாரவளையிலிருந்து ஹல்துமுல்லைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு தோட்டத்து ஆட்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் மடியில் ஒரு தகரப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். இருவருக்கும் நடுவே ஒரேயொரு தூண்டில் கம்பு.

"ஒரு கம்பு, புழுவுக்கு ரெண்டு முள்ளு, இந்தப் பளபளக்கிற தகடு. இது போதும் மச்சான்," என்றார் அவர்.

"துரையோட செவப்பு இறகு முள்ளு எங்க? அதுக்குத்தானே பெரிய மீனு வரும்?"

"அதக் கடிக்கிறது மீனு இல்ல."

"பின்ன?"

"மீனுன்னா இழுக்கும். இது சும்மா புடிச்சிக்கிட்டு நிக்குது. போன ஞாயித்துக்கெழம பயந்துபோயி நைலான் நரம்ப அறுத்து விட்டுட்டேன். விடிஞ்சு பாத்தா, அதே முள்ளு என் லயத்து வீட்டு வாசப்படியில ஈரத்தோட கெடக்கு. புது நரம்பு. அஞ்சு சுத்து சுத்துன முடிச்சு."

"யாராச்சும் வெளையாடியிருப்பாங்க."

"எட்டு வருஷம் துரைக்குத் தூண்டில் பெட்டி தூக்குனவன் நான். அந்த முடிச்சு அவரு ஒருத்தர்தான் போடுவாரு."

"அவருதான் நாம போற அந்தக் கொளத்துலயே மூழ்கிப் போய்ச் சேந்துட்டாரே!"

"அதான் அந்த முள்ள வீட்டுல டிரங்குப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டு வந்துட்டேன்."

குளத்தடியில் பஸ் நின்றது. நல்ல வெயில். பெட்டிக்காரர் முன்னால் இறங்கினார். அவருடைய சட்டைக் காலரின் பின்பக்கம், பஸ்ஸில் வந்தவரை இல்லாத ஒரு சிவப்பு இறகு முள் குத்தியிருந்தது. முதுகெல்லாம் ஈரம்.

முள்ளிலிருந்து தொங்கிய நரம்பு, அவர் கால் தரையில் பட்டதும், குளத்துப் பக்கமாக விறைத்து நின்றது.